மூன்று தடவை எழுதினேன், எதை அனுப்ப, ரீச்சர்?

கேள்வி: மார்ச், ஓகஸ்ட், ஒக்டோபர் என்று மூன்று தடவை எஸ்.ஏ.ரி. (அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க எழுதும் சோதனை) எழுதினேன். மார்ச்சில் ஆங்கிலம் 610, கணிதம் 750. ஓகஸ்டில் 670, 720. ஒக்டோபரில் காய்ச்சலோடு போய் 640, 700. கூட்டிப் பார்த்தால் ஓகஸ்டின் 1390தான் கூட. அதை மட்டும் அனுப்பு, மற்றதை ஒருவரும் பார்க்கத் தேவையில்லை என்கிறார் அப்பா. ஒக்டோபர் பெறுபேற்றை நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது. கணினி விஞ்ஞானம் படிக்க அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கிறேன். என்ன செய்ய?
– மாணவி, வெள்ளவத்தை

பதில்: மகள், அப்பா சொல்வதைத்தான் சில வருடங்களுக்கு முன் நானும் ஒரு பையனுக்குச் சொன்னேன். பம்பலப்பிட்டியில் என்னிடம் கணக்குப் படித்த பிள்ளை. கூட்டுத்தொகை கூடின திகதியை மட்டும் அனுப்பச் சொன்னேன். அவன் கணிதத்தில் எடுத்த 780 மற்றத் திகதியில் கிடந்தது. அவன் கேட்ட பல்கலைக்கழகங்கள் பகுதி பகுதியாக நல்லதைச் சேர்த்துப் பார்க்கிறவை என்று எனக்குத் தெரியவந்தபோது முடிவுத் திகதி போய்விட்டது. அந்த 780ஐ நான் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே கூட்டுத்தொகையை விடும். ஒரு சி.ஆர். கொப்பியில் மூன்று திகதிகளையும் கீழ்க்கீழாக எழுதி, ஆங்கிலத்துக்கு ஒரு நிரல், கணிதத்துக்கு ஒரு நிரல் போடும். ஒவ்வொரு நிரலிலும் பெரிய எண்ணைச் சிவப்புப் பேனையால் வட்டமிடும். ஓகஸ்டின் 670, மார்ச்சின் 750. சேர்த்தால் 1420. இதைத்தான் சுப்பர்ஸ்கோர் என்பார்கள்; எம்.ஐ.ரி. உட்படப் பல இடங்கள் இப்படித்தான் பார்க்கின்றன. எந்தத் திகதியை அனுப்புவது என்று நீர் தெரிவு செய்யலாம். ஆனால் ஒரு திகதிக்குள் இருந்து கணிதத்தை மட்டும் பிரித்தெடுத்து அனுப்ப விடமாட்டார்கள். ஆனபடியால் மார்ச்சும் ஓகஸ்டும் இரண்டும் போக வேண்டும்.

இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகம் நீர் எழுதிய எல்லாத் திகதிகளையும் கேட்கும். அங்கே ஒக்டோபரும் போகத்தான் வேண்டும், ஒளிக்க நினைக்க வேண்டாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் இந்தப் புள்ளிகளைத் தெரிவுக்கு எடுப்பதே இல்லை. எம்.ஐ.ரி. 2022இலும் ஹார்வர்ட் 2024இலும் சோதனைப் புள்ளி அனுப்புவது மறுபடி கட்டாயம் என்று அறிவித்தன. விருப்பமென்றால் அனுப்பலாம் என்று விட்டிருக்கும் இடங்களில்தான் யோசிக்க வேண்டும். அநேகமான பல்கலைக்கழகங்கள் கொமன் டேட்டா செட் என்று வருடாவருடம் ஒன்று வெளியிடும். அங்கே சேர்ந்த பிள்ளைகளில் மேல் கால்வாசியையும் கீழ்க் கால்வாசியையும் விட்டு நடுவில் நிற்கும் பாதிப் பேர் எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை எடுத்தார்கள் என்று அதில் பகுதிவாரியாக இருக்கும். உம்முடைய இரண்டு வட்டங்களும் அதற்குள் விழுந்தால் யோசிக்காமல் அனுப்பும். இரண்டும் கீழே நின்றால் அனுப்பாமல் விடும். கணிதம் உள்ளே, ஆங்கிலம் கொஞ்சம் வெளியே என்றால், நீர் கேட்பது கணினி விஞ்ஞானம் என்பதால் நான் அனுப்பத்தான் சொல்வேன்.

புள்ளி அறிக்கை அனுப்ப டொலரில் காசு கட்ட வேண்டும், அதனால் காசு விஷயமும் சொல்ல வேண்டும். டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிய 2022ஐ நாங்கள் மறக்கவில்லைதானே. நீரே விண்ணப்பத்தில் புள்ளியை எழுதினால் போதும், இடம் கிடைத்த பிறகு உத்தியோகபூர்வ அறிக்கையை அனுப்பலாம் என்று பல இடங்கள் சொல்கின்றன. ஒவ்வொன்றினதும் இணையத்தளத்தில் அதைப் பார்த்துவிட்டுக் காசைக் கட்டும். சோதனை எழுதி 9 நாட்களுக்குள் 4 இடங்களுக்கு இலவசமாக அனுப்பலாம் என்பார்கள்; ஆனால் அது புள்ளி தெரிய முன்னர் அனுப்புவது. உம்முடைய தங்கைமார் எழுதப் போனால் இதைச் சொல்லிவையும்.

ஒக்டோபருக்கு வெட்கப்பட வேண்டாம், பிள்ளை. காய்ச்சலோடு இருந்து 700 எடுத்த கை அது. எல்லாவற்றையும் கேட்கிற இடத்திலும் முதலில் பார்ப்பது உம்முடைய நல்ல எண்களைத்தான்.

இன்றிரவு அப்பாவைப் பக்கத்தில் இருத்தி அந்தக் கொப்பியைக் காட்டும். அவர் விடச் சொன்ன மார்ச்சில் உமக்குரிய 30 புள்ளி இருக்கிறது.