சாத்துக்குடி, எலுமிச்சை: வேர்ச்செடி பற்றிய கேள்வி–பதில்

தாராபுரம் வாசகர்: செம்மண், அடியில் சுக்காங்கல் (சுண்ணாம்புக் கல்), கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பு. சாத்துக்குடி எந்த வேர்ச்செடியில் வாங்குவது?

ரங்பூர் எலுமிச்சையில். (வேர்ச்செடி என்பது ஒட்டுக்கன்றில் அடியில் வேராக நிற்கும் செடி; அதன் மேல்தான் சாத்துக்குடியை ஒட்டுவார்கள்.) வறட்சி, உப்பு, சுண்ணாம்பு மூன்றையும் ஓரளவு தாங்கும். மூவிலை ஆரஞ்சு என்ற வேர்ச்செடிப் பக்கம் போகாதீர்கள், சுண்ணாம்பு மண்ணில் இலை வெளுத்துவிடும். நடும்போது ஒட்டு (இரண்டு செடியும் சேரும் இடம்) தரையிலிருந்து ஒரு சாண் மேலே நிற்கட்டும்.

கோபி வாசகர்: ஜம்பேரி எலுமிச்சை வேர்ச்செடியில் ஒட்டிய சாத்துக்குடி. மரம் வேகமாக வளர்கிறது, காயும் பெரிது. ஆனால் சாறு சப்பென்று இருக்கிறது. என்ன உரம் போடலாம்?

உரம் போட்டுத் தீராது. ஜம்பேரியின் குணமே அதுதான். சீக்கிரம் வளரும், நிறையக் காய்க்கும். தோல் தடிக்கும், சாற்றில் இனிப்பும் புளிப்பும் குறையும். மரம் முதிர முதிரக் கொஞ்சம் தேறும். உங்களுடையது வாய்க்கால் பாசனமாக இருந்தால் வடிகாலைப் பாருங்கள். தண்ணீர் தேங்கினால் ஜம்பேரி வேர் அழுகும்.

காங்கேயம் வாசகர்: சாத்துக்குடி மரத்தில் ஒரு கிளை மட்டும் சொரசொரப்பான புளிப்புக் காய் விடுகிறது.

ஒட்டுக்குக் கீழே கிளம்பிய வேர்ச்செடிக் கிளை அது. அடியோடு அறுத்துவிடுங்கள். இனித் துளிர்த்தால் இளசிலேயே கிள்ளிவிடுங்கள்.

அவிநாசி வாசகர்: மூன்று வருடச் சாத்துக்குடி. அடிமரத்தில் பிசின் வடிகிறது. மருந்து சொல்லவும்.

வேர்ச்செடி எது, ஒட்டு எங்கே இருக்கிறது, தண்ணீர் எப்படிப் பாய்ச்சுகிறீர்கள்? ஒன்றுமே எழுதாமல் மருந்து மட்டும் கேட்டால் எப்படி? இப்படி வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் காரணம் ஒன்றுதான்: வாழைக்கும் மஞ்சளுக்கும் அணைத்த பழக்கத்தில் இதற்கும் மண் அணைத்து ஒட்டை மூடிவிடுகிறார்கள். மேலே இருக்கும் சாத்துக்குடிப் பட்டைக்கு ஈரமண் ஆகாது. அழுகல் பூசணம் அதில்தான் முதலில் ஏறும். அதைத் தாங்கும் வேர்ச்செடியைத் தேடி வாங்கியிருந்தாலும், ஒட்டைப் புதைத்த பிறகு அந்தப் பலன் இல்லை. இன்றே மண்ணை விலக்கி ஒட்டை வெளியே எடுங்கள். அழுகிய பட்டையை நல்ல பட்டை தெரியும்வரை சுரண்டி, போர்டோ பசை பூசுங்கள் (மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர்). பாத்தியை இரட்டை வட்டமாக (அடிமரத்தைச் சுற்றி ஒரு வரப்பு, அதற்கு வெளியே இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் தண்ணீர்) மாற்றுங்கள், தண்ணீர் அடிமரத்தைத் தொடவே கூடாது. அழுகல் மரத்தைச் சுற்றி வளைத்துவிட்டிருந்தால் பிழைக்காது, பிடுங்கிவிடுங்கள்.

அன்னூர் வாசகர்: எலுமிச்சைக்கு ஒட்டுச்செடி அவசியமா?

இல்லை. விதைக்கன்று பெரும்பாலும் தாய்மரம் போலவே வரும். காய்க்க நாலைந்து வருடம் ஆகும்.

உடுமலை வாசகர்: வண்டியில் வந்தவர் ‘நல்ல ஒட்டு’ என்று கொடுத்தார். எந்த வேர்ச்செடியாக இருக்கும்?

விற்றவரே சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? வேர்ச்செடியின் பெயர் சொல்லாத இடத்தில் சாத்துக்குடிக் கன்று வாங்காதீர்கள். நட்டுவிட்டீர்கள் என்றால், ஒட்டு ஒரு சாண் மேலே இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.