திமிலைப் பிடிச்சா காளை நிக்குமா? சண்டை விதிகள் கேள்வி பதில்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி, கேரக்டரா நடிச்சு ஆடுற மேசை ஆட்டம்) ஐந்தாம் பதிப்பு விளையாடுற மதுரை, சுத்துப்பட்டு ஆட்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்க பதில். கேள்வியோட 2014 புத்தகமா, 2024 புத்தகமான்னு எழுதுங்க. எழுதாதவங்களுக்கு 2014 கணக்குலதான் பதில்.

கேள்வி (அண்ணாநகர்): மண்டபத் தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு எதிரிகளை மடக்கினோம். சர்ப்ரைஸ் ரவுண்டுல நாங்க நாலு பேரும் அடிக்கலாம்தானே?

பதில்: சர்ப்ரைஸ் ரவுண்டுன்னு ஒண்ணு இந்தப் பதிப்புல கிடையவே கிடையாது. பழைய பதிப்பு ஆடுனவங்க வாயில இருந்து ஒட்டிக்கிட்ட பேரு அது. முறை இதுதான்: முதல்ல யார் யார் அசந்து நிக்கிறாங்கன்னு டி.எம். (ஆட்டத்தை நடத்துறவர்) முடிவு பண்ணணும், அதுக்கு உங்க ஸ்டெல்த்தை (ஒளியிற உருட்டல்) அவங்க பாசிவ் பெர்செப்ஷனோட (உருட்டாமலே கவனிக்கிற எண்) ஒப்பிடணும். அடுத்து எல்லாரும் இனிஷியேட்டிவ் (யார் முதல்ல ஆடுறதுங்கிற வரிசை) உருட்டணும், அசந்தவங்களும்தான். அதுக்கப்புறம் வரிசைப்படி ஆட்டம். அசந்தவங்க தங்களோட முதல் டர்ன்ல நகர முடியாது, ஆக்‌ஷன் எடுக்க முடியாது. அந்த டர்ன் முடியிற வரைக்கும், மத்தவங்க செய்றதுக்கு உடனே பதிலடியாச் செய்யிற ரியாக்‌ஷனும் இல்லை.

இங்க எல்லாரும் வழுக்கி விழுற இடம் ஒண்ணு இருக்கு. எதிரி உங்களைவிட இனிஷியேட்டிவ் கூட உருட்டிட்டா, அவன் டர்ன் சும்மா கழிஞ்சிரும். ஆனா அது கழிஞ்ச உடனே அவன் ரியாக்‌ஷன் திரும்ப வந்துரும், ஷீல்டு மந்திரம் போட்டு ஏ.சி.யை (அடி படாமக் காக்கிற எண்) 5 ஏத்திக்குவான். அசாசின் ரோக் (மறைஞ்சு கொல்ற கேரக்டர்) ஆடுறவங்களுக்கு இது பெரிய அடி, அசந்தவன்மேல தானா விழுற கிரிட்டிக்கல் (சேதப் பகடை இரட்டிக்கிற அடி) போச்சு. 'முதல் அம்பை விட்டுட்டு அப்புறம் இனிஷியேட்டிவ்' அப்படிங்கிற பழக்கத்தை இன்னைக்கே விடுங்க. 2024 புத்தகத்துல சுருக்கிட்டாங்க: அசந்தவன் இனிஷியேட்டிவை டிஸ்அட்வான்டேஜோட (ரெண்டு தடவை உருட்டிச் சின்னதை எடுக்கிறது) உருட்டுவான், அவ்வளவுதான்.

கேள்வி (கே.கே.நகர்): ஸ்கில் செக்ல (திறமைச் சோதனை) நேச்சுரல் 20 (20 பக்கப் பகடையிலயே 20) விழுந்தா எதுவானாலும் ஜெயிச்சிருமா?

பதில்: இல்லை. 20 விழுந்தா தானா படுறது அட்டாக் ரோலுக்கு மட்டும். டெத் சேவ்ல (சாகக் கிடக்கிறவன் பிழைக்க உருட்டுறது) 20 விழுந்தா 1 ஹெச்பியோட (உயிர்ப்புள்ளி) எந்திரிக்கலாம். மத்த எல்லாத்துலயும் 20ங்கிறது வெறும் எண்.

கேள்வி (திருநகர்): ஓர்க் என்னைச் சுத்தி வந்து பின்னாடி நின்னுக்கிட்டான். ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் உண்டுன்னேன், டி.எம். இல்லைங்கிறார்.

பதில்: டி.எம். சொன்னது சரி. உங்க கைக்கு எட்டுற எல்லையை விட்டு வெளிய போனாத்தான் அடி. உங்களை ஒட்டியிருக்கிற எட்டுக் கட்டத்துக்குள்ள அவன் கிரிவலம் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. டெலிபோர்ட் பண்ணிப் போனாலும் இல்லை, தண்டர்வேவ் மந்திரம் தள்ளி விட்டுப் போனாலும் இல்லை. ஆனா டிஸ்ஸோனன்ட் விஸ்பர்ஸ் மந்திரம் பட்டு ஓடுறவன் தன் ரியாக்‌ஷனைச் செலவழிச்சு ஓடுறான், அதனால அவனுக்கு அடி உண்டு. அடி விழுறது எல்லையைத் தாண்டுறதுக்கு முன்னாடி, தாண்டின பிறகு இல்லை.

கேள்வி (அலங்காநல்லூர்): எங்க ஆட்டத்துல வாடிவாசல் ஒரு காட்சி. ஃபைட்டர் காளையோட திமிலைப் பிடிச்சான். கிராப்பிள் (பிடிச்சு நிறுத்துற விதி) ஜெயிச்சதால காளை வேகம் 0ன்னு டி.எம். நிறுத்திட்டார். அண்ணே, ஒத்த ஆளு பிடிச்சா எந்தக் காளை நின்னிருக்கு?

பதில்: டி.எம். விதியைத் தப்பா படிக்கலை, தப்பான விதியை எடுத்திருக்கார். கிராப்பிள் உங்களைவிட ஒரு அளவு பெரிசு வரைக்கும் செல்லும். காளை லார்ஜ், ஆளு மீடியம், அதனால சட்டப்படி செல்லும், வேகமும் 0 ஆகும். ஆனா மாடுபிடி வீரர் மாட்டை நிறுத்துறதில்லை, மாட்டோட போறார். அதுக்குன்னே டி.எம். கையேட்டுல ஒன்பதாவது அத்தியாயத்துல, பெரிய உருவத்து மேல ஏறுறதுக்கு ஒரு விருப்ப விதி கிடக்கு.

ஒரு முழு ஆக்‌ஷன் செலவழிச்சு உங்க அத்லெட்டிக்ஸ் (பலம்) அல்லது அக்ரோபாட்டிக்ஸ் (லாவகம்) உருட்டணும், எதிர்ல மாட்டோட அக்ரோபாட்டிக்ஸ். ஜெயிச்சா அதோட கட்டத்துக்குள்ள போய் ஒட்டிக்கிறீங்க, அது போற இடமெல்லாம் கூடவே போறீங்க, அது மேல அடிச்சா அட்வான்டேஜ் (ரெண்டு தடவை உருட்டிப் பெரிசை எடுக்கிறது). மாடு தன் ஆக்‌ஷனைச் செலவழிச்சு உதறலாம்: மாட்டோட அத்லெட்டிக்ஸுக்கு எதிரா உங்க அத்லெட்டிக்ஸ் அல்லது அக்ரோபாட்டிக்ஸ்.

ராட்சத ஆட்டோட புள்ளிகளை எடுத்துக் காளைன்னு பேர் வச்சுக்கங்க: வேகம் டர்னுக்கு 40 அடி, ஸ்ட்ரெங்த் 17, டெக்ஸ்டெரிட்டி 11. முதல் நிலை ஃபைட்டருக்கு அத்லெட்டிக்ஸ் +5ன்னா, ஏறுறது 70 விழுக்காடு. ஒவ்வொரு உதறலையும் தாங்குறது 62க்குக் கொஞ்சம் கம்மி. (சமன் ஆனா நிலைமை மாறாது, அதனால ஏறும்போது சமன் மாட்டுக்கு, உதறும்போது சமன் உங்களுக்கு.) மூணு துள்ளல் தாங்கணும்ங்கிற ஜல்லிக்கட்டுக் கணக்குல, மூணு துள்ளலை மூணு உதறலா வச்சா, ஏறுறதையும் சேர்த்து ஆறு பேர்ல ஒருத்தர்தான் பிடிமாடு ஆக்குவார். மாட்டோட 15 மீட்டர் போகணும்ங்கிற கணக்குன்னா சுமார் 50 அடி, 10 கட்டம். மாடு ரெண்டாவது டர்ன்ல அதைத் தாண்டிரும், ரெண்டு உதறல்தான், நாலு பேர்ல ஒருத்தர் தேறுவார்.

இன்னொண்ணு. அந்த ஆட்டுக்கு சார்ஜ் இருக்கு: 20 அடி நேரா ஓடிவந்து முட்டினா சராசரி 13 சேதம், கூடவே டிசி 13 ஸ்ட்ரெங்த் சேவ் (பலத்தையும் சேர்த்து 13 எட்டுற மாதிரி உருட்டித் தப்பிக்கிறது) தவறினா மல்லாந்துருவீங்க. 12 ஹெச்பி வச்சிருக்கிற ஆளு வாடிவாசலுக்கு நேரெதிர்ல 20 அடியில நிக்கக் கூடாது. வாசலை ஒட்டிப் பக்கவாட்டுல நில்லுங்க.

கேள்வி (பாலமேடு): நீங்க சொல்ற விதி ஹியூஜ், கார்கான்சுவன்னு லார்ஜைவிடப் பெரிய உருவத்துக்குத்தானே எழுதினது? லார்ஜுக்கு கிராப்பிள்தான் விதி. அலங்காநல்லூர்காரருக்காக வளைக்கிறீங்க.

பதில்: பாதி சரி. அந்தப் பத்தி ஆரம்பிக்கிறதே, ஹியூஜ் மாதிரி உருவத்தை கிராப்பிள் பண்றது கஷ்டம்ங்கிற இடத்துல இருந்துதான். ஆனா அளவைக் கட்டி வைக்காம, 'தகுந்த அளவு பெரிய எதிரி'ங்கிற மாதிரிதான் எழுதியிருக்காங்க. அந்தத் 'தகுந்த'வை முடிவு பண்றது டி.எம். வளைச்சா ஆட்டக்காரருக்கு லாபமும் இல்லை. கிராப்பிள் ஒரு அடிக்குப் பதிலா போகும், எக்ஸ்ட்ரா அட்டாக் இருக்கிறவன் பிடிச்சுக்கிட்டே இன்னொரு அடி போடலாம். ஏறுறதுக்கு முழு ஆக்‌ஷன் போயிரும்.

ஆட்டக்காரர் வாயால 'நிறுத்தப் போறேன்'னு சொன்னா கிராப்பிள், 'தொத்திக்கப் போறேன்'னு சொன்னா ஏறுற விதி. எது எதுன்னு பகடை உருளுறதுக்கு முன்னாடி மேசையில சொல்லிரணும். உருண்ட பிறகு விதி மாத்துற டி.எம்.கிட்ட ஆடாதீங்க.

கேள்வி (மேலூர்): அப்ப மூணு பேரும் ஒரே நேரத்துல தொத்தலாமா?

பதில்: விதியில தடை இல்லை. ஆனா மாட்டுக்கு ஒரு ஆக்‌ஷன், ஒரு தடவைக்கு ஒருத்தரைத்தான் உதறும். மூணு பேர் தொத்தினா மாடு தோத்துரும், காட்சி செத்துரும். களத்துல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் அணையணும், அதையே மேசைக்கும் வச்சுக்கங்க: ரெண்டாவது ஆளு கை வச்சா அந்தப் பிடி செல்லாது.

கேள்வி (பாலமேடு): உதறி விழுந்தா ப்ரோன் (தரையில கிடக்கிற நிலை) ஆவானா? அதை நீங்க சொல்லவே இல்லையே.

பதில்: விதியும் சொல்லலை. பக்கத்துல காலியா இருக்கிற கட்டத்துல ப்ரோனா விழட்டும்னு நான் வைப்பேன், எந்திரிக்கப் பாதி வேகம் செலவாகும். முன்னாடியே சொல்லிருங்க. 2024 புத்தகத்துல எதிரெதிர் உருட்டலை எடுத்துட்டாங்க, கிராப்பிளே சேவ் ஆயிருச்சு: டிசி 8, கூட ஸ்ட்ரெங்த், கூட ப்ரொஃபிஷியன்சி (பயிற்சி எண்). வேகம் 0 மட்டும் அப்படியே இருக்கு, அதனால உங்க சண்டை அங்கயும் தீராது. காளைக்கு இத்தோட முற்றுப்புள்ளி.

கேள்வி (வாடிப்பட்டி): காளைமேல ஏறும்போது நேச்சுரல் 20 விழுந்தா?

பதில்: கே.கே.நகருக்குச் சொன்னதைப் படிங்க.

கேள்வி (தெப்பக்குளம்): தூண் பாதி மறைச்சா எத்தனை ஏ.சி.?

பதில்: பாதி மறைவுக்கு +2, முக்கால் மறைவுக்கு +5, முழுசா மறைஞ்சா குறி வைக்கவே முடியாது. கட்டம் போட்டு ஆடினா: அடிக்கிறவன் கட்டத்துல ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, எதிரி கட்டத்தோட நாலு மூலைக்கும் நூல் பிடிங்க. ஒண்ணு ரெண்டு தடைப்பட்டா பாதி, மூணு நாலு தடைப்பட்டும் அடி போக வழி இருந்தா முக்கால். மூலையைத் தேர்ந்தெடுக்கிறது அடிக்கிறவன், ஒளிஞ்சவன் இல்லை.

கேள்வி (உசிலம்பட்டி): கிரிட்டிக்கல்ல எல்லாமே இரட்டிப்பா?

பதில்: பகடை மட்டும். 1டி8+3 (8 பக்கப் பகடை ஒண்ணு, கூட 3) அடி 2டி8+3 ஆகும். ரோக்கோட ஸ்னீக் அட்டாக் பகடையும் இரட்டிக்கும்.

கேள்வி (சிம்மக்கல்): பாத்ஃபைண்டர்ல இதெல்லாம் எப்படி?

பதில்: அது தனி ஆட்டம், அந்த மேசைக்காரங்களைக் கேளுங்க.

கேள்வி (ஆனையூர்): ராஜாகிட்ட பெர்சுவேஷன் பேசி 20 விழுந்துச்சு, ராஜ்யத்தை...

பதில்: தர மாட்டார்.

கேள்வி (திருப்பரங்குன்றம்): 0 ஹெச்பியில கிடந்த என் கேரக்டரை காப்ளின் பக்கத்துல வந்து ரெண்டு அடி அடிச்சுச்சு. டெத் சேவ் ஒண்ணுகூட உருட்டலை, செத்துட்டேன்னு சொல்லிட்டாங்க. மூணு தோல்வி வேணுமே?

பதில்: வந்துருச்சு. மயங்கிக் கிடக்கிறவன்மேல 5 அடிக்குள்ள இருந்து படுற ஒவ்வொரு அடியும் கிரிட்டிக்கல், 0 ஹெச்பியில கிரிட்டிக்கல் பட்டா ரெண்டு தோல்வி. ரெண்டு அடிக்கு நாலு. ஆனா ஒண்ணு கேளுங்க: காப்ளினுக்கு டர்னுக்கு ஒரு அடிதான், அப்ப ரெண்டாவது அடி யாரு அடிச்சது? ரெண்டு காப்ளினா, அடுத்த ரவுண்டா? அடுத்த ரவுண்டுன்னா நடுவுல உங்க டர்ன் வந்திருக்கணும், டெத் சேவ் உருட்டியிருக்கணும். அதை டி.எம். தாண்டிப் போயிருந்தா கேரக்டர் ஷீட்டை இன்னும் கிழிக்காதீங்க.