கேளுங்க, சொல்றோம்: பேரவைப் பொறுப்புக்கு வந்தாச்சு, அடுத்தது என்ன?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி மாணவர் பேரவை பற்றியவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

பல்கலைக்கழகப் பேரவைச் செயலாளராத் தேர்வாகியிருக்கேனுங்க. பழைய நிர்வாகிங்க ஒரு பீரோ சாவியும் போன வருஷத்து பேனரும் குடுத்துட்டுப் போயிட்டாங்க. முதல் வாரம் என்ன பண்ணோணும்?
*மாணவி, வடவள்ளி*

பீரோவைத் திறந்து தீர்மானப் புத்தகம், ரொக்கப் பதிவேடும் பில் கோப்பும், கொடுத்த மனுக்களின் நகல், பொருள் பதிவேடு எல்லாம் இருக்கிறதா பாருங்கள். பாதி இருக்காது. பரவாயில்லை, மாணவர் நலன் அலுவலகத்தில் சிலவற்றின் நகல் கிடைக்கும். இருப்பதையும் இல்லாததையும் ஒரே தாளில் எழுதி, தேதி போட்டு, பழைய செயலாளரும் நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். "மைக் 2 பெறப்பட்டது, ஸ்பீக்கர் பெறப்படவில்லை" என்ற ஒற்றை வரி இல்லாவிட்டால், ஆறு மாதம் கழித்து அந்த ஸ்பீக்கரின் விலை உங்கள் தலையில் விழும்.

பிறகு பேரவை விதிகளை ஒரு தடவை முழுதாகப் படியுங்கள். கூட்டம் செல்லுபடியாக எத்தனை பேர் வேண்டும், பணம் எடுக்க யார் யார் கையெழுத்து என்ற இரண்டும் தெரியாமல் முதல் கூட்டத்தைக் கூட்டாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் யார் யாரோடு சண்டை போட்டார் என்று எழுத வேண்டாம். என்ன முடிவு, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று மட்டும் எழுதினால் போதும்.

தலைவர் பதவிக்கு நிக்கலாம்னு இருக்கேன். ஒரு அரியர் இருக்கு, வருகை 72 சதவீதம். நோட்டீஸ் அடிச்சுக் குடுக்கலாமுங்களா?
*மாணவர், கோபிசெட்டிபாளையம்*

இந்த வருடம் நிற்க முடியாது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தும்படி 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்படி போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது. வருகை 75 சதவீதம் அல்லது பல்கலைக்கழகம் வைத்திருக்கும் அளவு, இதில் எது அதிகமோ அது வேண்டும். இளநிலை மாணவருக்கு வயது 17 முதல் 22. நிர்வாகிப் பதவிக்கு ஒரே ஒரு முறைதான் வாய்ப்பு. செயற்குழு உறுப்பினருக்கு இரண்டு முறை.

நோட்டீசும் கூடாது. அச்சடித்த எதுவும் கூடாது, கையால் எழுதிய தட்டி மட்டும்தான், அதுவும் நிர்வாகம் ஒதுக்கிய இடத்தில். செலவு 5,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும். ஜெயித்தவர்கள் மாலையோடு இதை மறந்துவிடுகிறார்கள். தோற்றவர்கள் மறப்பதில்லை, புகார் கொடுக்க அவர்களுக்கு மூன்று வாரம் இருக்கிறது.

எங்க டிபார்ட்மென்டுல பல பசங்க ராத்திரி பனியன் கம்பெனிக்குப் போறவங்க. வருகை குறைஞ்சு பரீட்சை எழுத முடியாத நிலை. நான் வகுப்புப் பிரதிநிதி. வாயில சொன்னா 'பாக்கலாம்'ங்கறாங்க.
*மாணவர், திருப்பூர்*

வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். மனு எழுதுங்கள், ஒரு பக்கம், ஒரே விஷயம். கேன்டீன் டீயையும் கழிவறைத் தண்ணீரையும் இதில் சேர்த்தால், சுலபமாகச் செய்யக்கூடிய டீயைச் செய்துவிட்டு மனு முடிந்ததாக எழுதிவிடுவார்கள்.

"மாணவர்கள் பெரிதும் பாதிக்கப்பட்டுள்ளனர்" என்று எழுதாதீர்கள். "மூன்றாம் செமஸ்டரில் 14 பேர், 9 பேர் வருகை 65க்கும் 74 சதவீதத்துக்கும் இடையில், 5 பேர் 65க்குக் கீழே" என்று எழுதி, பதிவு எண்ணோடு பட்டியலை இணையுங்கள். பல இடங்களில் முதல் வகையினர் கண்டோனேஷன் (வருகைக் குறைவை மன்னிக்கும்) கட்டணம் கட்டிப் பரீட்சை எழுதலாம், இரண்டாம் வகையினருக்கு அது கிடையாது. உங்கள் பல்கலைக்கழக விதியில் என்ன கோடு என்று பார்த்துப் பிரித்துக் கொடுங்கள். எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் சுலபமாகத் தப்பிக்க வேண்டிய ஒன்பது பேரும் சேர்ந்து மாட்டுவார்கள். மருத்துவச் சான்று உள்ளவர், விளையாட்டுக்காக ஓ.டி. (கல்லூரி வேலையாக வெளியே போனதை வருகையாக எடுத்துக்கொள்ளும் 'ஆன் டியூட்டி') போனவர் இருந்தால் அதையும் தனியாகக் காட்டுங்கள். ஓ.டி. ஏறாமல் விட்டதே பல பேருடைய குறைவுக்குக் காரணமாக இருக்கும்.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரையும் பதிவு எண்ணும் தேதியும் வாங்குங்கள். இனி "மனு என்ன ஆச்சு சார்" என்று கேட்க வேண்டாம், அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

பதில் வராவிட்டால் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைப்படி அது புகார் கிடைத்த 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். முடிவு பிடிக்காவிட்டால் 15 நாளுக்குள் குறைகேள் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்தக் குழுவில் ஒரு மாணவர் சிறப்பு அழைப்பாளராக இருப்பார். படிப்பு, விளையாட்டு போன்றவற்றைப் பார்த்து நியமிக்கப்படுபவர் அவர். பேரவைத் தலைவர் என்பதாலேயே அந்த நாற்காலி வராது.

ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறோம்: வேலைக்குப் போனேன் என்பதற்காக வருகைக் குறைவை மன்னிக்கும் விதியை நாங்கள் எங்கும் பார்த்ததில்லை. ஹால் டிக்கெட் வரும் வாரத்தில் ஓடுவதை விட, மாதக் கடைசியில் வருகைப் பட்டியலை வாங்கி, குறைந்தவரைக் கூப்பிட்டுச் சொல்வதுதான் பிரதிநிதி செய்யக்கூடிய பெரிய உதவி.

விடுதி மெஸ் கமிட்டியில என்னைப் போட்டிருக்காங்க. டிவைடிங் சிஸ்டம், மாசச் செலவைச் சாப்பிட்ட நாளுக்குப் பங்கு போடறது. போன மாசத்தை விட நாளுக்குப் பத்து ரூபா ஏறிடுச்சு. எங்க பாக்கோணும்?
*மாணவர், ஈரோடு*

ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறோம். மாத ஆரம்பத்தில் ஸ்டோரில் இருந்த சரக்கு 60,000 ரூபாய். மாதத்தில் வாங்கியது 5,10,000. கடைசியில் மிச்சம் 45,000. அப்படியானால் சமைத்துத் தீர்ந்தது 5,25,000. சமையல்காரர் கூலியும் கேஸும் 1,35,000. மொத்தம் 6,60,000. எல்லாரும் சாப்பிட்ட நாட்களைக் கூட்டினால் 6,000 வருகிறது என்று வையுங்கள். நாளுக்கு 110 ரூபாய். 22 நாள் இருந்தவருக்கு 2,420.

இனி எங்கெங்கே வழுக்கும் என்று பார்ப்போம். கடைசி இருப்பை எடைபோடாமல் விட்டுவிட்டால் அந்த 45,000மும் சாப்பிட்டதாகவே ஏறும். நாளுக்கு ஏழரை ரூபாய் கூடிவிடும். அடுத்த மாத ஆரம்ப இருப்பில் அது திரும்ப வந்திருக்கிறதா பாருங்கள். இந்த மாதக் கடைசி எண்ணும் அடுத்த மாத முதல் எண்ணும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். வேறாக இருந்தால் உங்கள் பத்து ரூபாய் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கிறது.

இருப்பு எடுக்கும் நேரம் மாதக் கடைசி நாள் இராச் சாப்பாடு முடிந்த பிறகு, மறுநாள் காலைச் சரக்கு இறங்கும் முன். மூட்டையை எண்ணாதீர்கள், தராசில் ஏற்றுங்கள். பிரித்த அரிசி மூட்டை, பாதி எண்ணெய் டின் எல்லாமே கணக்கில் வர வேண்டும். கமிட்டியில் இரண்டு பேரும் ஸ்டோர்காரரும் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்தது சாப்பாட்டு நாள். கூலி மாறாதது. லீவு விட்டுப் பாதிப் பேர் ஊருக்குப் போன மாதத்தில் அதே கூலியைக் குறைந்த நாட்கள் சுமக்கும், அதனால் ரேட் ஏறத்தான் செய்யும். அதில் தப்பில்லை. தப்பு எங்கே என்றால், முன்கூட்டிச் சீட்டு எழுதாமல் போனவருக்கு அப்புறம் நாள் கழித்துக் கொடுப்பதில். அவருக்கும் சேர்த்து உலை வைத்தாயிற்று. அவர் கழித்துக்கொண்ட பங்கு மற்றவர் தலையில் விழும். மேலே சொன்ன கணக்கில் இப்படி 500 நாள் கழிந்தால் ரேட் 120 ஆகிவிடும். விருந்தினர் சாப்பாட்டுக்கு வாங்கிய பணம் மொத்தச் செலவில் கழிக்கப்பட்டதா என்றும் கேளுங்கள்.

காய்கறி பில்லுக்கு ஒரு சின்ன வழி. பில் தேதியன்று உழவர் சந்தைப் பலகையில் என்ன விலை எழுதியிருந்தார்கள் என்று போட்டோ எடுத்து வையுங்கள். கொஞ்சம் கூட இருக்கலாம், கொண்டுவரும் வண்டி வாடகை இருக்கிறது. தக்காளி பலகை விலையைப் போல ஒன்றரை மடங்கு என்றால் பில்லை வார்டன் மேசைக்கு எடுத்துப்போங்கள். சமையல்காரரிடம் சத்தம் போட்டுப் பயனில்லை, விலை பேசியவர் அவரல்ல.

தமிழ்ப் புதல்வன் பணம் எல்லாருக்கும் வருது, எங்க கிளாசுல நாலு பேருக்கு மட்டும் வரலை. பேரவை என்ன செய்யலாம்?
*மாணவர், உடுமலை*

2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய திட்டம் அது, மாதம் 1,000 ரூபாய். முதலில் அந்த நாலு பேரும் தகுதி உள்ளவர்கள்தானா என்று பாருங்கள்: ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி அல்லது உதவிபெறும் பள்ளியின் தமிழ் வழி. அதன் பிறகு வங்கி. கணக்கில் ஆதாரைக் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் இறங்க ஆதாரோடு இணைத்திருப்பது வேறு. இரண்டாவது ஒரே ஒரு கணக்குக்குத்தான் இருக்கும், கடைசியாக இணைத்த கணக்குக்கு. பள்ளியில் திறந்து மறந்துபோன கணக்கிலோ, செல்போனில் திறந்த கணக்கிலோ பணம் போய்க் கிடக்கலாம். மை ஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தால் எந்த வங்கி என்று தெரியும். அதுவும் சரி, பணம் மட்டும் இல்லை என்றால்தான் கல்லூரியில் இந்தத் திட்டத்தைக் கவனிக்கும் நோடல் அலுவலரிடம் போக வேண்டும்.

பெண்கள் புகார்க் குழுவுல மாணவர் பிரதிநிதி உண்டுங்களா? பேரவையே நியமிக்கலாமா?
*மாணவி, நாமக்கல்*

உண்டு, ஆனால் பேரவை கைகாட்டி நியமிக்க முடியாது. பாலியல் தொல்லை பற்றிய 2015 யு.ஜி.சி. விதிமுறைப்படி மாணவர் சம்பந்தப்பட்ட புகாரில் இளநிலை, முதுநிலை, ஆய்வு ஆகியவற்றிலிருந்து மூன்று பேர் இருக்க வேண்டும், அவர்கள் வெளிப்படையாகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதை எல்லா வகுப்பிலும் சொல்லிவையுங்கள். புகார் உங்களிடம் வந்தால் பேரவைக் கூட்டத்தில் எடுத்துப் பேசாதீர்கள், பெயர் வெளியே போகக் கூடாது.

கல்ச்சுரல்ஸுக்கு அட்வான்ஸ் வாங்கிச் செலவு பண்ணிட்டோம். ஆடிட்டுல பாதி பில்லைத் தள்ளிட்டாங்க.
*பேரவைப் பொருளாளர், கரூர்*

தள்ளப்பட்டவை அநேகமாக வெறும் தாளில் எழுதிய பந்தல், சவுண்டு செட், ஆட்டோ செலவுகளாக இருக்கும். பந்தல்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே அச்சடித்த பில் தருவாரா என்று கேட்டுவிட வேண்டும், விழா முடிந்து கம்பு பிரித்த பிறகு அவரைப் பிடிக்க முடியாது. பில் தனிநபர் பெயரில் இல்லாமல் பேரவை பெயரில், நிகழ்ச்சித் தேதிக்குப் பொருந்தும் தேதியோடு வேண்டும். மூன்று கொட்டேஷன் கேட்கும் இடமென்றால் மூன்றும் ஒரே கையெழுத்தில் இருக்கக் கூடாது. ஆடிட்டர் முதலில் பார்ப்பதே அதைத்தான். ஆட்டோ போன்ற பில் இல்லாத சில்லறைச் செலவுக்கு வவுச்சர் எழுதி, பணம் வாங்கியவர் கையெழுத்தோடு பொருளாளரும் செயலாளரும் போட வேண்டும். இப்போது தள்ளியவற்றில் பந்தல், சவுண்டு இரண்டுக்கும் கடைக்காரரிடம் சரியான பில் கேட்டுப் பாருங்கள். பழைய தேதி போட்டுத் தரச் சொல்லாதீர்கள், பில் எண் வரிசை காட்டிக்கொடுத்துவிடும்.