எஃப்2 என்றால் எவ்வளவு பயப்படணும்?

கேள்வி: என் கணவருக்கு வயது 47. ஹெர்னியா ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் இருப்பது தெரியவந்தது. 1996-ல் ஒரு விபத்தில் அடிபட்டு மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். ஈரல் பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'ஏ2, எஃப்2, லேசான கொழுப்பு' என்று போட்டிருக்கிறது. டாக்டர் "மாத்திரையில் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். மாமியார் தினமும் கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுக்கிறார். கணவருக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனி. இவரோ ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் குடித்தால் தப்பில்லை என்கிறார். – வாசகி, ஈரோடு.

பதில்: முதல் வேலையாக அந்தத் தட்டையும் டம்ளரையும் பழைய இடத்திலேயே வையுங்கள் சகோதரி. இந்தக் கிருமி ரத்தத்தோடு ரத்தம் கலந்தால்தான் தொற்றும். எச்சிலில், சாப்பாட்டில், கட்டிப்பிடிப்பதில் தொற்றாது. தனியாக வைக்க வேண்டியவை ஷேவிங் ரேசர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, அவ்வளவுதான். நீங்களும் ஒருமுறை ரத்தம் சோதித்துவிடுங்கள், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. 1989-ல்தான் இந்த வைரஸையே கண்டுபிடித்தார்கள், நம் நாட்டு ரத்த வங்கிகளில் இதற்கான சோதனை கட்டாயமானது 2000-க்குப் பிறகு. அதனால் 1996-ல் ஏற்றிய அந்த ரத்தத்திலிருந்து வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். யாரும் அவரைச் சந்தேகமாகப் பார்க்க வேண்டியதில்லை.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். ஊசியில் எடுத்தது ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு சேமியா இழை மாதிரியான துண்டு, மொத்த ஈரலில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இரண்டு மார்க் போடுகிறார்கள். 'ஏ' என்பது இப்போது எவ்வளவு அழற்சி இருக்கிறது என்பது, 0-லிருந்து 3 வரை; இவருக்கு நடுத்தரம். 'எஃப்' என்பது இத்தனை வருஷத்தில் விழுந்த தழும்பு, 0-லிருந்து 4 வரை. வயலை நினைத்துக்கொள்ளுங்கள்: 1-ல் வாய்க்கால் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மேடு, 2-ல் அங்கங்கே ஒன்றிரண்டு வரப்பு கிளம்புகிறது, 3-ல் வரப்பு நிறைய, 4-ல் வரப்பெல்லாம் ஒன்று சேர்ந்து பாத்தி பாத்தியாகக் கட்டிவிடும், அதுதான் ஈரல் இறுகிப்போகும் சிரோசிஸ். கிருமி நுழைந்து கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்தும் 2-ல் நிற்கிறது என்றால் அவர் ஈரல் நன்றாகவே தாக்குப்பிடித்திருக்கிறது. ஆனால் எடுத்த துண்டு சிறியது, பக்கத்து இடத்தில் ஒரு படி கூடவோ குறையவோ இருக்கலாம், அதனால் ஃபைப்ரோஸ்கேனும் (ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று ஊசி இல்லாமல் அளக்கும் ஸ்கேன்) ரத்த ரிப்போர்ட்டுகளும் இதோடு ஒத்துப்போகின்றனவா என்று கேளுங்கள். (இப்போது பலருக்கு பயாப்ஸி இல்லாமல் ஸ்கேனிலேயே முடித்துவிடுகிறார்கள்.) கொழுப்புக்கு எடை, சர்க்கரை காரணமாக இருக்கலாம், நம் நாட்டில் அதிகம் காணப்படும் மூன்றாம் வகை சி வைரஸே கொழுப்பைச் சேர்க்கும்.

டாக்டர் அவசரத்தில் சொன்னாலும் சொன்னது உண்மை. பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம், தினமும் மாத்திரை. 100 பேரில் 90 பேருக்கு மேல் கிருமி முழுதாகப் போய்விடுகிறது. 2018-லிருந்து மத்திய அரசின் ஹெபடைடிஸ் திட்டத்தில் இந்த மாத்திரைகளை இலவசமாகவே தருகிறார்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். ஆரம்பிக்கும் முன் ஹெபடைடிஸ் பி சோதனை செய்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். உள்ளே பி பதுங்கியிருந்தால் சி போகிற நேரத்தில் அது தலைதூக்கலாம். நெஞ்செரிச்சல் மாத்திரை, இதய மாத்திரை எது சாப்பிட்டாலும் பட்டைகளையே கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், சில ஒத்துவராது.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்தில் நான் உங்கள் கணவர் பக்கம் இல்லை. சி கிருமியும் சாராயமும் சேர்ந்தால் தழும்பு வேகமாக ஏறும், வாரம் ஒருநாள்தானே என்று ஈரல் கணக்குப் பார்ப்பதில்லை. காபிக்குத் தடையில்லை, காபி குடிப்பவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவாக இருப்பதாகவே ஆய்வுகள் சொல்கின்றன, சர்க்கரையை மட்டும் குறைக்கட்டும். காய்ச்சல், தலைவலிக்கு பாராசிட்டமால் 500 ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம்.

கீழாநெல்லி சி கிருமியை ஒழிக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. அந்த 12 வாரமாவது அதையும் வேறு லேகியம், சூரணங்களையும் நிறுத்திவிடுவதுதான் நல்லது. நீங்கள் சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும், அதனால் அடுத்த முறை மாமியாரையும் கூட்டிப்போய் டாக்டர் வாயாலேயே சொல்ல வையுங்கள். அப்புறம் அவர் வெறும் மோர் கொடுக்கட்டும்.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து, ரத்தத்தில் கிருமியே இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்என்ஏ சோதனை செய்வார்கள். அதில் கிருமி இல்லை என்று வந்தால் குணமாகிவிட்டது. ஆனால் கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கியதைத் தேடும் சாதாரண ஆன்டிபாடி சோதனை பெரும்பாலும் ஆயுசுக்கும் 'பாசிட்டிவ்' என்றே காட்டும். நாளைக்கு வேறு ஆஸ்பத்திரியில் ஹெர்னியாவுக்குப் போகும்போது மறுபடி பதற வைப்பார்கள், அந்த ஆர்என்ஏ ரிப்போர்ட்டை லேமினேட் செய்து ஃபைலில் முதல் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.