எக்கோவில் கிரேடு 1, ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல்: அப்பாவுக்கு இரண்டும் தொடர்புள்ளதா?

உங்கள் அப்பாவுக்கு வயது 58. எக்கோவில் (இதய ஸ்கேன்) இஎஃப் 60, கிரேடு 1 டயஸ்டாலிக்; வயிற்று ஸ்கேனில் கிரேடு 2 கொழுப்புக் கல்லீரல். இரண்டுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் பயப்படும்படி இல்லை. இஎஃப் என்பது ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற அளவு; அது 60 என்றால் இதயம் நன்றாகவே பம்ப் செய்கிறது. 'கிரேடு 1 டயஸ்டாலிக்' என்பது வேறு: துடிப்புக்கு நடுவே இடது கீழறை தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வது கொஞ்சம் மந்தம். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களிடம் இது அதிகம் தென்படும்.

பெரும்பாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: இன்சுலின் சரியாக வேலை செய்யாதது, தொப்பை, பிபி. "அவர் குடிப்பதே இல்லையே" என்கிறீர்கள். இந்த வகைக்குக் குடி தேவையே இல்லை.

ஸ்கேனில் போட்ட 'கிரேடு 2' கொழுப்பின் அளவு மட்டும்தான். கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று அது சொல்லாது. அதற்கு ஃபிப்-4 (தழும்பு வாய்ப்பைக் காட்டும் ஒரு கணக்கு) போட்டுப் பாருங்கள், கையிலிருக்கும் ரத்த ரிப்போர்ட்டே போதும்:

1. வயது 58ஐ ஏஎஸ்டியால் பெருக்குங்கள் (ஏஎஸ்டி, ஏஎல்டி இரண்டும் ரத்தத்தில் பார்க்கும் கல்லீரல் நொதிகள்).
2. பிளேட்லெட்டை (2.5 லட்சம் என்றால் 250) ஏஎல்டியின் வர்க்கமூலத்தால் பெருக்கி, முதலில் வந்த விடையை அதால் வகுங்கள்.

1.3க்குக் கீழே வந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. கூடவே எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கொலஸ்ட்ரால், வீட்டில் காலை மாலை பிபி பாருங்கள்.

ஒன்று: இந்த வயதில் பிபி மட்டும் இருந்தாலே கிரேடு 1 வரலாம், எல்லாவற்றையும் கல்லீரல் தலையில் கட்ட முடியாது. படியேறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்றால் கணக்கெல்லாம் அப்புறம், முதலில் இதய மருத்துவர்.