தை பிறக்கும் முன் குடோனைத் திறங்கள்

கேள்வி: திண்டுக்கல் பக்கம் சின்னதாக டிஜே, சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறேன். நாலு டாப் (மேல் ஸ்பீக்கர்), இரண்டு பேஸ் பாக்ஸ், பதினாறு பார் லைட் (மேடை விளக்கு), ஒரு டாடா ஏஸ், மூன்று பையன்கள். போன சீசனில் ஒரு வரவேற்பில் பாதியில் மைக் நின்றது. இன்னொரு மண்டபத்தில் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) போனது. ஆள் போதாமல் நாலு தேதியை விட்டேன். வருகிற தைக்குள் கடன் வாங்கி இன்னொரு செட் எடுக்கலாமா? எப்படித் தயாராக வேண்டும்?

பதில்: செட்டைப் பற்றி அப்புறம் பேசுவோம். மைக் நின்றதும் ஆம்ப் போனதும் பொருள் போதாமல் நடந்தவை அல்ல. இதே கேபிளோடு இரண்டாவது செட்டும் வந்தால், ஒரே ராத்திரியில் இரண்டு மண்டபத்தில் நின்று தவிப்பீர்கள். மார்கழியில் கல்யாணம் கிடையாது. அந்த மாதத்தைக் குடோனுக்குக் கொடுங்கள்.

முதலில் கேபிள். சின்னச் சத்தத்தில் ஒரு பாட்டை ஓடவிட்டு, ஒவ்வொரு கேபிளையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அடி அடியாக வளைத்துக்கொண்டே போங்கள். 'கர்' என்று சத்தம் வரும் இடத்தில் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். பெரும்பாலும் அது கனெக்டருக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள்: ஈயம் மங்கி விரிசல் விட்டிருக்கும், வயர் இரண்டு மூன்று இழையில் தொங்கிக்கொண்டிருக்கும். மேடையில் யாராவது கேபிளை மிதித்ததும் அந்த இழைதான் அறுகிறது. வெட்டிவிட்டுப் புதிதாகப் பற்றவையுங்கள். எலி கடித்த இடங்களும் இப்போதே தெரிந்துவிடும். பையன்கள் முழங்கையில் சுற்றிக் கட்டுகிறார்களா என்றும் பாருங்கள். அப்படிச் சுற்றச் சுற்ற உள்ளே முறுக்கு ஏறும். ஒரு வளையம் நேராக, அடுத்தது உள்பக்கம் திருப்பி என்று மாற்றி மாற்றிச் சுற்றப் பழக்குங்கள்.

கார்ட்லெஸ் மைக்கில் போன சீசன் பேட்டரி அப்படியே கிடக்கலாம். கசிந்து வெள்ளைப் பொடி பூத்திருந்தால், வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புது ஆல்கலைன் செல் போடுங்கள். அதைவிட முக்கியம், மிக்ஸரில் செருகிய வயர் மைக் ஒன்று மேடை ஓரத்தில் எப்போதும் நிற்க வேண்டும். இது இருந்திருந்தால் போன வருஷம் உங்களுக்கு அரை நிமிஷச் சங்கடத்தோடு போயிருக்கும்.

ஆம்ப் எதனால் போனது என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மண்டபத்தில் மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் தளர்ந்திருந்தது. சமையற்கட்டில் கிரைண்டரைப் போட்டார்கள், எங்கள் பக்கம் வோல்டேஜ் எகிறி இரண்டு ஆம்ப் புகைந்தன. அன்றிலிருந்து மல்டிமீட்டர் இல்லாமல் என் வண்டி கிளம்புவதில்லை. எதையும் செருகும் முன் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட்டை ஒட்டிக் காட்டுகிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டம் வந்து ஏசி, கிரைண்டர் எல்லாம் ஓட ஆரம்பித்ததும் மறுபடி பாருங்கள். ஓவர் வோல்டேஜ் வந்தால் தானே துண்டிக்கும் கருவியும் மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் வைத்து ஒரு போர்டு செய்துகொள்ளுங்கள். புது செட்டின் விலையோடு பார்த்தால் இது சின்னச் செலவு.

இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை உடைக்கும் பழக்கம் நம் தொழிலில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், மைக்கில் ஷாக் அடிக்கலாம். அந்த மைக்கை வாங்கி வாழ்த்துச் சொல்லப்போவது மணமகளின் பாட்டியாக இருக்கலாம். 'உம்ம்' என்ற இரைச்சல் பல நேரம் லேப்டாப் சார்ஜர் வழியாக வருவது. சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால், லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் அந்த இரைச்சலைத் தடுக்கும் ஒரு டிஐ பாக்ஸ் போட்டால் போதும்.

திருவிழா ஆர்டர் எடுத்தால், மேலே போகும் மின்கம்பியை முதல் நாள் பகலிலேயே நடந்து பார்த்து வாருங்கள். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில், தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். லைட் டவரும், லைட் தொங்கவிடும் உலோகச் சட்டமான ட்ரஸ்ஸும் ஏற்றுகிற நமக்கு அது சொந்த விஷயம்.

சரி, இப்போது செட். பஞ்சாங்கத்தை வைத்துத் தையிலிருந்து வைகாசி வரை முகூர்த்த நாட்களை எழுதுங்கள். வளர்பிறை முகூர்த்தத்தில்தான் எல்லோரும் முட்டுவார்கள். நீங்கள் விட்ட நாலும் அந்த மாதிரி தேதிகளாகத்தான் இருக்கும். நாலு நாளுக்காக வருஷம் முழுக்கத் தவணை கட்ட வேண்டாம். பக்கத்து ஊர் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் பாக்ஸையும் ஒரு ஆபரேட்டரையும் வாடகைக்குப் பேசுங்கள். அவருக்கும் அதே நாளில் ஆர்டர் வரும் என்பதால், மார்கழியிலேயே முன்பணம் கொடுத்துவிடுங்கள். அப்புறம், முதல் நாள் மாலை வரவேற்பையும் மறுநாள் காலை முகூர்த்தத்தையும் சேர்த்தே விலை பேசுங்கள். செட் அங்கேயே நிற்கும், ஏற்றி இறக்குவது ஒரே தடவை, பையன்களுக்கும் கொஞ்சம் தூக்கம் கிடைக்கும்.

ஒப்புக்கொண்டதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிப் பதில் வாங்குங்கள்: எத்தனை மணிக்குத் தொடக்கம், எத்தனை மணிக்கு முடிவு, ஜெனரேட்டர் டீசல் யாருடையது, பாக்கிப் பணம் எப்போது. திறந்தவெளி என்றால் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதையும் அதிலேயே சேருங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. காவல் நிலைய அனுமதியை யார் வாங்குவது என்பதும் முன்கூட்டியே தெளிவாகட்டும். கல்யாணத்தில் பாட்டுப் போடுவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. கம்பெனி ஆண்டு விழாவுக்கு அது பொருந்தாது, அங்கே உரிமம் எடுக்கச் சொல்லுங்கள்.

பாட்டெல்லாம் லேப்டாப்பிலும் ஒரு பென்டிரைவிலும் இருக்கட்டும். ஆயிரம் பேர் கூடிய மண்டபத்தில் நெட் வராது. மேடைக்கு அழைக்கும் பெயர்களைத் தமிழில் எழுதி வாங்குங்கள். தாலி கட்டும் நேரத்தில் பாட்டின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை முழுக்க இறக்கிவிட வேண்டும், அங்கே கெட்டிமேளம் மட்டும்தான் கேட்க வேண்டும்.

மார்கழிக் கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி ஒரு காலி இடத்தில் இறக்கி, முதல் பாட்டு ஒலிக்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பாருங்கள். சீசன் ஓடும்போது, விட்ட ஒவ்வொரு தேதியையும் காரணத்தோடு குறித்து வையுங்கள். ஆடியில் கல்யாணம் குறைந்ததும் அந்தக் குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு புது செட்டைப் பற்றி முடிவெடுக்கலாம்.