ஹில்டகார்ட் கண்டது தலைவலியா, தரிசனமா?

வணக்கம் சார்,

இடைக்கால ஜெர்மானியத் துறவி ஹில்டகார்ட் கண்ட தெய்வக் காட்சிகளுக்கு ஒற்றைத் தலைவலிதான் காரணம் என்று படித்தேன். தியானத்தில் எனக்கும் சிலமுறை ஒளி தெரிந்திருக்கிறது. அதுவும் மூளைக் கோளாறுதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த விளக்கம் மருத்துவ வரலாற்றாசிரியர் சார்லஸ் சிங்கர் சொன்னது. பிறகு நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் அதைப் பலரிடம் கொண்டுசேர்த்தார். எனக்கு அது நம்பும்படியாகவே இருக்கிறது. ஹில்டகார்டின் ஒரு காட்சியில் பெரிய நட்சத்திரம் ஒன்று தெரிகிறது. கூடவே எண்ணற்ற நட்சத்திரங்கள் விழுந்து, அணைந்து, கரிக்கட்டைகளாகிவிடுகின்றன. தலைவலி வருமுன் கண்ணில் பூச்சி பறந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆனால் அவர்கள் எல்லோரும் அதில் கடவுளை எதிர்த்து விழுந்த தேவதூதன் லூசிஃபரின் வீழ்ச்சியைக் காணவில்லை. ஹில்டகார்ட் கண்டார்.

அவருக்கு ஒரு நூற்றாண்டு பின்னால் வந்த கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இந்த இடத்தில்தான் கை வைக்கிறார். பைபிளில் எகிப்து மன்னன் பார்வோன் கனவு கண்டான், கொழுத்த பசுக்களும் மெலிந்த பசுக்களும் வந்தன. அதனால் அவன் தீர்க்கதரிசி ஆகிவிடவில்லை. பொருள் சொன்ன யோசேப்புக்குத்தான் அந்தப் பெயர். காட்சி அல்ல, அதைப் பற்றிய தெளிவே தீர்க்கதரிசனம் என்கிறார். மூளை பாதிக்கப்பட்டால் புத்தி தடுமாறும் என்பதும் அவருக்குத் தெரியும். அதைக் கண்டு மிரளவில்லை; உடலில் இருக்கும்வரை அறிவுக்கு மனப்பிம்பங்கள் வேண்டும் என்ற தன் கட்சிக்கே சாட்சியாக வைத்துக்கொண்டார். கெட்டிக்காரர்!

சரி, மூளை ஸ்கேனில் என்ன தெரிந்தது? 2006இல் கனடாவின் மான்ட்ரியலில் நரம்பியல் ஆய்வாளர் மரியோ போரகார் குழுவினர் கார்மல் என்ற கத்தோலிக்கத் துறவு சபையின் 15 கன்னியாஸ்திரீகளைப் பரிசோதித்த ஆய்வை வெளியிட்டார்கள். நினைத்த நேரத்தில் கடவுளை வரவழைக்க முடியாது என்று அந்தச் சகோதரிகள் சொல்லிவிட்டதால், வாழ்வின் மிகத் தீவிரமான அனுபவத்தை நினைவுகூரச் சொன்னார்கள். மூளையின் பல பகுதிகள் இயங்கின. கடவுள் அனுபவத்துக்கென்றே ‘கடவுள் புள்ளி’ என்று மூளையில் தனியாக ஒன்றும் அகப்படவில்லை. கருவி பதிவு செய்ததுகூடப் பெரும்பாலும் நினைவைத்தான் என்பேன்.

அக்குவினாஸிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒரே விளைவை இயற்கையும் முழுதாகச் செய்கிறது, கடவுளும் முழுதாகச் செய்கிறார் என்பார். அப்புறம் விஞ்ஞானம் எதைக் கண்டுபிடித்தாலும் அவருக்கு நஷ்டமில்லை. ஆனால் எந்தச் சோதனையிலும் தோற்காத விடையை நிரூபணம் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் ஒளியை நான் பார்க்கவில்லை. தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கூடவே தலைவலியும் வந்தால் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அதில் தெய்வக்குற்றம் எதுவும் வராது.